ஒரே ஒரு வாக்கியத்துக்கு அனுமதி

மருத்துவமனை நாற்காலிகளை ஏன் இப்படி வரிசையாக ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டி வைக்கிறார்கள், அந்தக் கோடியில் ஒருவர் இருமினால் இந்தக் கோடியில் இருப்பவளுக்கும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, இதைப் பற்றி ஒரு நாள் தன் ரேடியோ நிகழ்ச்சியில் பேச வேண்டும் என்று பிலோமினா நினைத்தாள், நினைத்த உடனே ‘பேச’ என்ற சொல்லில் போய் இடறிக்கொண்டாள். பேச. இன்றைக்கு அதுதானே கேள்வியே. குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு சதை வளர்ந்து, அதை வெட்டி எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. இரண்டு வாரமாக வாய்க்குப் பூட்டு. பேசக் கூடாது, முனகக் கூடாது, கனைக்கக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, முக்கியமாகக் கிசுகிசுக்கவே கூடாது, ரகசியக் குரல்தான் தொண்டைக்கு முதல் எதிரி என்று டாக்டர் நளினா விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியனுப்பியிருந்தார். இன்றைக்குக் கேமரா விட்டுப் பார்ப்பார். புண் ஆறியிருந்தால் ‘ஈ’ என்று இழுக்கச் சொல்வார். அது வந்தால் ஒரு வாக்கியம் பேசலாம். ஒரே ஒரு வாக்கியம்தான், மிச்சமெல்லாம் நாளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வராவிட்டால் என்ன என்பதை டாக்டர் சொல்லவில்லை. பிலோவும் கேட்கவில்லை, கேட்க வாய் ஏது. ஆர்.ஜே. பிலோ என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆனால் முகம் தெரியாது. டிவியில் வந்த காலத்திலும் தொப்பியும் மேக்கப்பும்தான் வந்தன, இவள் வரவில்லை. தெரிந்ததெல்லாம் குரல். ஆட்டோவில் ஏறி ‘ராயபுரம் போகணும்’ என்று சொன்னால் போதும், டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘யக்கா, நீயா’ என்பான். அந்தக் குரல் போய்விட்டால் அவள் ஆட்டோவில் ஏறுகிற யாரோ ஒரு பெண். யாரோ ஒரு பெண்ணாக இருப்பதில் என்ன கேவலம், நாட்டில் கோடிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கணவன் ஜெரால்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனவன் இன்னும் வரவில்லை. பாவம், இரண்டு வாரமாக அவன்தான் இவளுக்கும் சேர்த்துப் பேசுகிறான். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் நாள் பூராவும் இரும்பு தட்டுகிற சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டான், அவன் சுபாவமே அப்படி என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தாள். அப்படியில்லையாம். இவள் இடம் கொடுக்கவில்லையாம். இவள் வாய்க்குப் பூட்டுப் போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டே, வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டிக்குள்ளேயே தூங்கிப்போக, மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற கதையை ஆரம்பித்தான் பாருங்கள், வெண்டைக்காய் முடிந்து கத்தரிக்காய்க்குப் போன பிறகும் கதை முடியவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கதையை எங்கே வைத்திருந்தான் இந்த மனுஷன். அந்த வாக்கியத்தை அவனுக்குக் கொடுத்துவிடலாமா, ‘ஜெரி, இனிமே நீயும் பேசு’ என்று. நல்ல வாக்கியம்தான். ஆனால் கடவுளுக்கு? அறுவை நடந்த அன்றைக்கு மயக்கம் ஏறுவதற்கு முன்னால், குரல் வந்தால் முதல் வார்த்தை உனக்குத்தான் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டது என்னாவது, காரியம் ஆனதும் மாதாவை வரிசையில் பின்னால் தள்ளுவதா. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை பேர் வரிசையில் நின்றால் அவள் யாரைத்தான் உள்ளே விடுவது. ஒரே வாக்கியத்தில் ‘மற்றும்’ போட்டுப் பத்துப் பேரைச் சேர்க்கலாம், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும், டாக்டர் நடுவிலேயே வாயைப் பொத்திவிடுவார்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் செல்போனில் ரேடியோவை வைத்தாள், பிலோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு மணி ஆகிவிட்டதா. “வணக்கம் மெட்ராஸ், தெருமுனைல நிக்கிறது உங்க சாதிக். அக்கா தொண்டைக்கு லீவு வுட்ருக்காங்க, அவங்க வர்ற வரைக்கும் கடைய நான் பாத்துக்கறேன், கல்லாவுல மட்டும் கை வைக்கமாட்டேன், பயப்படாதீங்கக்கா.” ‘தெருமுனை’, அவளுடைய நிகழ்ச்சி. அவளுடைய நாற்காலி, அவள் உயரத்துக்கு இறக்கி வைத்த மைக், அதை அவன் இப்போது ஏற்றி வைத்திருப்பான், நெட்டைக் கழுதை. சாதிக் வியாசர்பாடிக்காரன், ஒரு காலத்தில் இவள் நிகழ்ச்சிக்கு ராப் பாட வந்தவன், பாடியதைவிடப் பிறர் பாட்டை ஒட்டி வெட்டித் தருவதில் கெட்டிக்காரனாக இருந்ததால் அங்கேயே தங்கி நிகழ்ச்சியின் தயாரிப்பாளனாகிவிட்டவன். மைக் முன்னால் நிகழ்ச்சி நடத்துவது அவனுக்கு இந்த இரண்டு வாரமாகத்தான். பாட்டு கிளம்பியது, முகப்பில் வெறும் தாளம் மட்டும் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அறிவிப்பாளர் பேசிக்கொள்ளலாம், பாடுகிறவன் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் இவன் வாயை மூடிவிட வேண்டும், அதுதான் இந்தத் தொழிலில் மரியாதை. சாதிக் மூடவில்லை. பாடுகிறவனின் முதல் வரி மேலேயே ஏறி மிதித்துவிட்டான். டேய், அவன் அந்த முதல் வரியை ஒரு மாசம் யோசித்து எழுதியிருப்பான்டா! வாய் தானாகத் திறந்துவிட்டது, காற்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பிலோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளை. அடுத்த பாட்டுக்கு அவன் அச்சு அசலாக, மயிரிழையில், பாடுகிறவன் மூச்சு இழுக்கும் சத்தத்துக்கு முன்னால் நிறுத்தினான். அழகாக இருந்தது. முதலில் செய்த தப்பு கோபத்தைத்தான் தந்தது, இரண்டாவது தடவை சரியாகச் செய்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பையன் கற்றுக்கொண்டுவிடுவான். இன்னும் இரண்டு வாரம் விட்டால் ‘அக்கா யாரு’ என்று கேட்பார்கள். பொறாமையா இது? பொறாமைதான், வேறென்ன, அதற்கு வேறு பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. தானே சொல்லி உட்கார வைத்துவிட்டு, தானே வயிறெரிகிறாள். அவன் ஸ்டேஷன் மேலாளரிடம் சண்டை போட்டு, வெளியிலிருந்து ஆள் போட வேண்டாம், அக்கா வரும்வரை நானே பார்க்கிறேன், நாற்காலி அக்காவுடையது என்று எழுதித் தராத குறையாகச் சொன்னவன் என்பதையும் அதே வயிறுதான் நினைத்துக்கொண்டது.

“அந்த ரேடியோவக் கொஞ்சம் கம்மி பண்றியாம்மா? பாட்டா அது, படபடன்னு தகரக் கொட்டாயில மழை பேஞ்ச மாதிரி.” பக்கத்து நாற்காலிப் பெண்மணி. சொன்னார் என்பதைவிட ஊதினார் என்று சொல்ல வேண்டும், பஞ்சரான டயர் மாதிரி காற்றாகத்தான் வந்தது. ஐம்பத்தைந்து இருக்கும், கஞ்சி போட்ட காட்டன் புடவை, பையில் குடை. ரேடியோ கொஞ்சம் தணிந்தது. அவர் பிலோவின் பக்கம் திரும்பி, “கோமளவல்லி. கணக்கு டீச்சர், எட்டாங்கிளாஸ். முப்பது வருஷமா கத்தினதுக்கு இப்ப காத்துதான் மிச்சம். இன்னைக்குத்தான் மொதல் தடவை காட்ட வந்திருக்கேன்” என்றார், “நீங்க?” பிலோ தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, செல்போனில் ‘ஆபரேஷன் ஆச்சு, பேசக் கூடாது’ என்று தட்டி நீட்டினாள். “அய்யோ, வலிச்சுதா? மயக்கம் குடுத்தாங்களா? கழுத்துக்கு வெளிய கிழிப்பாங்களா?” அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துப் பிலோ அவசர அவசரமாகத் தலையை ஆட்டி, வலிக்காது, வெளியே கிழிக்க மாட்டார்கள், வாய் வழியாகத்தான் என்று தட்டினாள். “நீங்களும் டீச்சரா? எங்காளுங்கதான் இங்க ஜாஸ்தின்னு சொன்னாங்க.” இதற்கு என்ன தட்டுவது. ரேடியோ என்று தட்டினால் அந்தத் தகரக் கொட்டாய் என்னுடையதுதான் என்றும் தட்ட வேண்டியிருக்கும். ‘நிறைய பசங்க. வாய் ஓயாது’ என்று தட்டினாள், பொய் இல்லை. “அப்ப டீச்சர்தான்” என்று கோமளவல்லி முடிவு செய்துவிட்டார்.

தகரக் கொட்டாய். சொன்னது சரிதான். முதன்முதலில் அவளுக்கும் அப்படித்தான் கேட்டது. விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் அவள், புடவைக் கடை, சோப்புத் தூள், ‘உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை’, அந்தத் தேன் தடவிய குரல். இந்தத் தொழிலில் தேன் தடவத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று எஃப்.எம்.காரர்கள் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணியைத் தூக்கிக் கொடுத்தார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊரே உருண்டு படுத்திருக்கிற நேரம், நீ என்ன போட்டாலும் ஒருத்தரும் எழுந்து வந்து சண்டை போட மாட்டார்கள் என்று சொல்லாமல் சொன்ன நேரம். அதற்கு எப்படி நன்றி சொல்லாமல் இருப்பது. நல்ல நேரத்தைக் கொடுத்திருந்தால் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு இன்றைக்கும் தேன் தடவிக்கொண்டிருப்பாள். யாரும் கேட்காத நேரம் என்பதால்தான் புளியந்தோப்புப் பையன்கள் வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவைப் போட்டுப் பார்க்கத் துணிச்சல் வந்தது. வீட்டு பீரோவுக்குள் தலையை விட்டுப் பதிவு செய்ததாம், பின்னால் குக்கர் விசில் கேட்கிறது, ஒருத்தன் ஸ்டீல் டிரம்மைத் தட்டுகிறான், இன்னொருத்தன் குடிசை மாற்று வாரிய வீட்டு மாடிப்படியைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறான், அது பேச்சா பாட்டா சண்டையா என்று தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அன்றைக்கு உருண்டு படுத்திருந்த ஊர் எழுந்து உட்கார்ந்தது. எங்கிருந்துதான் போன் செய்தார்களோ, மீன் மார்க்கெட்டிலிருந்து, மெக்கானிக் ஷெட்டிலிருந்து, ஹாஸ்டல் மாடியிலிருந்து. ‘யக்கா, இன்னொரு வாட்டி போடு.’ தேனெல்லாம் எங்கேயோ போய்விட்டது, அவளும் ராயபுரத்துக் குரலில், வீட்டில் தங்கச்சியைக் கூப்பிடுகிற குரலில், ‘இரு இரு, போடறேன், ஏன் பறக்குற’ என்றாள். அந்தக் குரலைத்தான் ஊர் வைத்துக்கொண்டது. அதைத்தான் இப்போது வெட்டியிருக்கிறார்கள், அதை இல்லை, அதன் மேல் வளர்ந்ததை, அதன் மேல் வளர்ந்ததை மட்டும்தான்.

மட்டும்தானா? அறுவை முடிந்த அன்றைய விஷயம் ஒன்று அவளுக்கும் அந்த நர்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். மயக்கம் தெளிந்தும் தெளியாத நிலை, வெளிச்சம் மங்கலாக வருகிறது, யாரோ ஆக்ஸிஜன் முகமூடியை வாய்க்கு நேரே கொண்டு வருகிறார்கள். கறுப்பாக, உருண்டையாக, வாய்க்கு நேரே ஒன்று வந்தால் வாழ்நாளெல்லாம் அவள் என்ன செய்திருக்கிறாளோ அதைச் செய்தாள். “செக், செக், மைக் செக்” என்றாள். முழுசாக, கணீரென்று, இல்லை, கணீரென்று இல்லை, ஏதோ கிழிகிற மாதிரி. நர்ஸ் பதறி, “அய்யய்யோ பேசாதீங்க மேடம்” என்று முகமூடியை அழுத்தினாள், அதை மைக் என்றே நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு ‘செக்’ சொன்னதாக ஞாபகம். நாட்டில் எத்தனையோ பேருக்கு அறுவை நடக்கிறது, அம்மா என்று கத்துகிறார்கள், முருகா என்கிறார்கள், பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்கிறார்கள், மைக் டெஸ்ட் பண்ணிய பைத்தியம் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிறகு நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் கூடாது. சிரிப்பு வடிந்த இடத்தில் பயம் உட்கார்ந்தது. பச்சைப் புண் மேல் நாலு செக். தையல் இல்லாத இடம், ஒட்டிக்கொள்ள விட வேண்டிய இடம். டாக்டரிடம் எழுதிக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை, காட்டியிருந்தால் அவர் முகம் மாறியிருக்கும், அந்த மாறிய முகத்தை இரண்டு வாரம் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது. ராத்திரி எச்சில் விழுங்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேடுவாள், குத்துகிறதா, குத்தவில்லையா, குத்தாதது நல்லதா, மரத்துப்போனதா. இப்போதும் விழுங்கினாள். ஒன்றும் தெரியவில்லை.

“சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன்” என்றார் கோமளவல்லி. சிரிக்கக் கூடாதவளிடம் இப்படி ஆரம்பித்தால் என்ன செய்வது. “எங்க கிளாஸ்லயும் பூரா இந்தப் பாட்டுதான். பெஞ்சத் தட்டிக்கினே இருக்கானுங்க. இதுல யாரோ ஒரு பொம்பள ரேடியோவுல சொல்லிக் குடுத்தாளாம், யாரையாச்சும் திட்டறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு நன்றி சொல்லணுமாம். போன மாசம் ஒரு தடியன், கடைசி பெஞ்சு, பேரு இனியன், பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது, பிரேயர்ல மைக்கப் புடுங்கிட்டான். ‘எக்ஸ் எங்க ஒளிஞ்சாலும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லித்தந்த கோமளவல்லி டீச்சருக்கு நன்றி’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க, பாத்ரூம்ல தண்ணி இல்ல, பைப்புல காத்துதான் வருது, ஹெச்.எம். ரூம்ல மட்டும் கூலிங் வாட்டர்னு, எதுகை மோனையோட! ஹெச்.எம்.முக்கு மூஞ்சி இப்படி ஆயிடுச்சு.” அவர் தன் முகத்தை உப்ப வைத்துக் காட்டினார். பிலோ உதட்டைக் கடித்தாள், நகத்தை உள்ளங்கையில் அழுத்தினாள், தோள் குலுங்கியது, சிரிப்பு தொண்டையின் கீழே வந்து கதவைத் தட்டிக்கொண்டே நின்றது, வெளியே விடவில்லை, கண்ணில் தண்ணீராக வந்தது. ‘அப்புறம்?’ என்று தட்டினாள். “அப்புறம் என்ன, மறுநாளே தண்ணி வந்துடுச்சு” என்ற டீச்சர், கொஞ்ச நேரம் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, ஊதுகிற குரலை இன்னும் தணித்து, “ஆனா ஒண்ணு, இத்தினி வருசத்துல மைக்ல எம்பேரு சொன்னது அவன் ஒருத்தன்தான்” என்றார்.

குணாளா, கேட்டாயா, குணாளா. அந்த நன்றி வந்த கதை இந்த டீச்சருக்கு எங்கே தெரியப்போகிறது. நேரலையில் இரண்டு பேரை மோத விட்டிருந்தாள், காசிமேட்டுக்காரன் ஒருத்தன், இந்தக் குணாளன். ராப்பில் ஒருத்தனை ஒருத்தன் இழுத்துப் போட்டு அடிப்பது வழக்கம்தான், வாயால். குணாளன் எடுத்த எடுப்பில் எதிராளியின் அம்மாவை இழுத்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார், கட் பண்ணு, கட் பண்ணு. கட் பண்ணியிருந்தால் இரண்டு பேரும் படி இறங்கிப் போய்த் தெருவில் கையால் ஆரம்பித்திருப்பார்கள். அவள் மைக்கை மூடவில்லை. ஏன் அப்படிக் கேட்டாள் என்று இன்றைக்கும் தெரியாது, “குணா, உங்கம்மா பேரு என்னா?” என்றாள். ரேடியோவில் மௌனம் மாதிரி பயங்கரமானது ஒன்றும் கிடையாது, கேட்கிறவன் ரிப்பேர் என்று நினைத்து ஸ்டேஷனை மாற்றிவிடுவான், அந்த மௌனம் ஓடியது, அவள் விட்டாள். “பவுனம்மா” என்றான் அவன், வேறு குரலில். “வூட்டு வேலைக்குப் போவுது.” “அவங்களுக்கு முதல்ல ஒரு நன்றி சொல்லு. அப்புறம் இவனை என்ன வேணா திட்டு.” கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே கட்டினான்: ‘பத்து வீட்டுப் பாத்திரம் தேய்ச்ச கை, அந்தக் கைதான் என் பேனாவுக்கு மை.’ காசிமேட்டுக்காரன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகு எங்கே திட்டுவது. அன்றிலிருந்து தெருமுனையில் அதுதான் சட்டம், மைக்குக்கு வருகிறவன் முதலில் ஒருத்தருக்கு நன்றி போட வேண்டும். டீ மாஸ்டருக்குப் போட்டார்கள், கவுன்சிலிங் கொடுத்த டாக்டருக்குப் போட்டார்கள், ஒருத்தன் தன் பழைய சைக்கிளுக்குப் போட்டான். ஊரெல்லாம் நன்றி போட வைத்தாளே தவிர, அவள் போட்டதில்லை. அவள் நடத்துகிறவள், நடத்துகிறவளுக்கு முறை வராது. இப்போது வந்திருக்கிறது, ஒரே ஒரு வாக்கியம்.

குரலுக்கே கொடுத்துவிட்டால் என்ன. வேடிக்கைதான், உனக்கு நன்றி என்று உன்னைக் கொண்டே உன்னிடம் சொல்வது. ஆனால் யாருக்கு உண்டென்றாலும் அதற்கு உண்டு. டிவியில் இருந்த வருஷங்களில் என்ன பாடு படுத்தினாள் அதை. தெருத் தெருவாகப் போய் ராப் பாடுகிறவர்களைப் படம் பிடிக்கிற போட்டி நிகழ்ச்சி, மேளதாளமும் டிராஃபிக்கும் தாண்டிக் கத்த வேண்டும், டேக் மூன்று, டேக் நாலு, மேக்கப்காரப் பெண் கழுத்தில் ஒரு தடிச் சங்கிலியை மாட்டுவாள், இவள் கழற்றுவாள், கேமராமேன் மாட்டச் சொல்வான். அந்தக் காசிமேட்டு இறுதிப் போட்டி. சாயங்காலம், கடலைப் பார்த்து மேடை, படகு நிற்கிற இடம் வரைக்கும் ஜனம், ஜெனரேட்டர் படுத்துவிட்டது. மைக் இல்லை, லைட் இல்லை, கூட்டம் முன்னால் நகர ஆரம்பித்தது, முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகள். இவள் மேடை ஓரத்துக்கு வந்து, வெறும் தொண்டையில், உட்காருங்க என்று கத்தினாள். உட்காருங்க, கை தட்டுங்க, ஒண்ணு, ரெண்டு, கையே நமக்குத் தாளம், ஒருத்தரும் எழுந்திருக்காதீங்க. ஒரு மணி நேரமோ ஒன்றரையோ, ஜெனரேட்டர் வரும்வரை கத்தினாள், போட்டிக்கு வந்தவர்கள் மைக் இல்லாமல் ஒவ்வொருத்தராக வந்து பாடினார்கள், ஜனம் மணலில் உட்கார்ந்து கை தட்டியது, அலை சத்தத்தோடு சேர்ந்து அந்தக் கைத்தட்டல் இன்னும் காதிலிருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குப் போனபோது வாயில் இரும்பு ருசி. ‘எப்பலேருந்து இந்தக் கரகரப்பு?’ என்று டாக்டர் கேட்டபோது எப்போதிலிருந்து என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு அந்த டிவி சேனல் நிகழ்ச்சியை நிறுத்தியது, ரேடியோ திரும்ப எடுத்துக்கொண்டது, இந்தத் தடவை சாயங்காலம் நாலு மணிக்கு, குரல் ஒரு தகராறும் பண்ணாமல் கூடவே வந்தது, மிளகை முதுகில் சுமந்துகொண்டு. அன்றைக்குக் கத்தியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு இது வராமல் போனாலும் வருத்தப்படக் கூடாது. படுவாள். பட்டே தீருவாள், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. படட்டும். பட்டாலும் நன்றி நன்றிதான்.

“பிலோமினா ஜெரால்டு!” நாற்காலி வரிசை ஆடியது, அவள் எழுந்துவிட்டிருந்தாள். ஜெரால்டு வியர்வையோடு ஹெல்மெட்டும் கையுமாகப் படியேறி வந்தான், “இடமே கிடைக்கல பிலோ, பக்கத்துத் தெருவுல விட்டுட்டு வரேன்”. கோமளவல்லி அவள் கையைப் பிடித்தார், அந்தக் கை ஜில்லென்று இருந்தது, அவள் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். “நல்லா வந்துடும் டீச்சர்” என்றார் அவர், “வந்து எனக்குச் சொல்லுங்க, வலிச்சா நான் இப்படியே வூட்டுக்குப் போயிடறேன்.” பாதி விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் குடையைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நளினா நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு குழாயை உள்ளே விட்டார், திரையில் சிவப்பாக ஒரு குகை, அதன் அடியில் இரண்டு வெள்ளை நாடாக்கள். இவ்வளவுதானா? ரவிக்கைக்கு வைக்கிற நாடாவைவிடச் சின்னது. இதையா காசிமேட்டுக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி விரட்டினோம். மூச்சு விட விட, கடை ஷட்டர் மாதிரி விலகிச் சேர்ந்து விலகின. “நல்லா ஆறியிருக்கு” என்றார் டாக்டர், “ஈ சொல்லுங்க, மெதுவா.” சொன்னாள். காற்று வந்தது. வெறும் காற்று. ஷட்டர் பாதியில் நின்றது. செக், செக், மைக் செக், அவ்வளவுதான், நாலு சொல்லில் கெடுத்துக்கொண்டாள், முடிந்தது கதை. ஜெரால்டு ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “பயந்தா இறுக்கிக்கும். தண்ணி குடிங்க. தோளைத் தளர்த்துங்க. திரும்ப.” தண்ணீர் இறங்கியது. இந்தத் தடவை எங்கிருந்தோ அடியிலிருந்து ஒரு ஈ புறப்பட்டு, தடுக்கி, எழுந்து, நடந்து வந்தது. திரையில் இரண்டு நாடாவும் சேர்ந்து நடுங்கின. டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். “ம், இப்ப ஒரு வாக்கியம் பேசுங்க. எது வேணாலும். ஒண்ணுதான்.”

எது வேணாலும் என்றதும் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள், ஜெரால்டு, மாதா, சாதிக், பவுனம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒருத்தரை ஒருத்தர் தள்ளினார்கள், யாருமே உள்ளே வர முடியவில்லை, வாய் திறந்தபடி இருந்தது, அதற்குள் அது தானாகப் பேசிவிட்டது: “டாக்டர், வெளிய கோமளவல்லின்னு ஒரு டீச்சர் ரொம்ப பயந்துபோய் உக்காந்திருக்காங்க, எழுந்து போயிடப் போறாங்க, அவங்களைச் சீக்கிரம் கூப்பிடுங்க.” போச்சு. இரண்டு வாரம் காத்த வாக்கியம். டாக்டர் சிரித்துக்கொண்டே மணியை அடித்து, அந்தப் பெயரை அடுத்ததாக அனுப்பச் சொன்னார். பிலோ அதையெல்லாம் கேட்கவில்லை. இப்போது பேசியது யார்? தடித்து, அடியில் இறங்கி, வாக்கியத்தின் கடைசியில் மரத்தில் உளி இழுத்த மாதிரி ஒரு கீறலோடு ஒரு குரல். ஜெரால்டு அவளை அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தான். “பழைய குரல் அப்படியே வரும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார் டாக்டர், முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, “மேல எகிறுறது கொஞ்சம் போயிருக்கும். இனிமே உங்களுக்கு இதுதான். பழகிக்கணும்.” ஆக, போய்விட்டது. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்க்கிற அந்தக் குரல், தங்கச்சியைக் கூப்பிடுகிற குரல், போய்விட்டது. அழ வேண்டிய இடம், டாக்டர் டிஷ்யூப் பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்தக்கூடச் செய்தார். ஆனால் அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவள் பார்த்த வேலை என்ன, யாருக்கும் தெரியாத குரல்களை முதல் ஆளாகக் கேட்பதுதானே. கரகரப்பு, கீறல், பாதியில் உடைகிறது, தடுக்குகிறது என்று எதையாவது ஒரு நாள் திருப்பி அனுப்பியிருக்கிறாளா. இந்தப் புதுக் குரல்காரி எந்தத் தெரு, எங்கிருந்து வருகிறாள், இவ்வளவு நாள் எங்கே இருந்தாள், இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாள். வாயைத் திறக்கப் போனாள், டாக்டர் விரலை ஆட்டினார், “இன்னைக்கு இவ்வளவுதான்.” பிலோ செல்போனை எடுத்து வேகமாகத் தட்டி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்: ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு டாக்டர், ப்ளீஸ். இந்தப் பொண்ணு பேசி நான் இப்பத்தான் முதல் தடவை கேக்கறேன்.’